பாத்ரூம் ஸ்பீக்கர்: சுவரில் ஒட்டுவதா, கம்பியில் தொங்கவிடுவதா?

"ஏல, நீ குடுத்த அந்த ஒட்டுற ஸ்பீக்கர் இன்னும் நல்லாத்தான பாடிக்கிட்டு கெடக்கு. அப்புறம் எதுக்கு நீ மூவாயிரம் ரூவா குடுத்து வேற ஒண்ணு வாங்கின?"

அக்கா போனில் இப்படிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவள் சொல்வது உண்மைதான். இரண்டரை வருடத்துக்கு முன் ஆன்லைனில் ஜோடியாக 899 ரூபாய்க்கு வந்தவை அவை. உள்ளங்கை அளவு, தட்டையான உருண்டை, பின்னால் சுவரைக் கவ்விக்கொள்ளும் ரப்பர் கப். நீலத்தை அக்காவுக்குக் கொடுத்தேன், கறுப்பை நான் வைத்துக்கொண்டேன். என்னுடையது ஏழாவது மாதம் மண்டையைப் போட்டது. அவளுடையது இன்றைக்கும் காலையில் அத்தான் குளிக்கும்போது பாடுகிறது.

ஒரே பெட்டி, ஒரே விலை, ஒரே நாளில் பிரித்தவை. வித்தியாசம் ஒன்றே ஒன்று: அக்கா வீடு திருநெல்வேலி டவுணில், குறுக்குத்துறைப் பக்கம். என் வீடு பாளையங்கோட்டைக்குத் தெற்கே, பெருமாள்புரத்தையும் தாண்டி. நடுவில் ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் முழுக்க அந்த ஆறேழு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால், காசு செலவில்லாத இரண்டு வழிகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, காலி வாளிக்குள் போனைப் போட்டுப் பாட்டு வைப்பது. ஹாஸ்டலில் இருந்தவர்கள் எல்லோரும் செய்திருப்போம். சத்தம் கூடும், ஆனால் கிணற்றுக்குள் விழுந்தவன் உதவிக்குக் கூப்பிடுவது போல இருக்கும். போன் தண்ணீர் தாங்கும் ஐபி68 ரகம் என்றாலும், தண்ணீர் உள்ளே போய்ச் சேதமானால் பெரும்பாலான கம்பெனிகள் வாரண்டியில் எடுத்துக்கொள்வதில்லை. இருபதாயிரம் ரூபாய்ச் சாமானை நாலு பாட்டுக்காக அங்கே வைக்க எனக்கு மனசு வராது.

இரண்டாவது, ரேடியோவை வெளியே வைப்பது. எங்கள் வீட்டு அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அம்மா காலையில் ஆகாசவாணியோ சூரியன் 93.5-ஓ வைத்துவிட்டுச் சட்னிக்கு வதக்குவார். வாளியில் மொண்டு குளிப்பவர்களுக்கு இதுவே போதும். ஒரு மக் ஊற்றுவதற்கும் அடுத்த மக் ஊற்றுவதற்கும் நடுவே அறை அமைதியாகிவிடும், பாட்டு காதில் விழும். ஷவரைத் திறந்தால்தான் சிக்கல். நிற்காமல் பெய்கிற தண்ணீர்ச் சத்தத்தில் மெட்டு மட்டும் மங்கலாகக் கேட்கும், வார்த்தை ஒன்றும் பிடிபடாது. சத்தத்தைக் கூட்டு என்று உள்ளேயிருந்து கத்தினால் வீட்டில் மற்றவர்களுக்குக் காது வலி. ஆக, ஷவரில் குளிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஸ்பீக்கர் வாங்கவேண்டிய தேவையே இல்லை.

மீதி இரண்டுதான் நிஜமான போட்டி. ஒன்று, ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒட்டுகிற ரகம். மற்றொன்று, கயிறோ கொக்கியோ வைத்த, கையடக்கமான தொங்குகிற ரகம். ஜேபிஎல் கோ 3, க்ளிப் 4, சோனி எஸ்ஆர்எஸ்-எக்ஸ்பி100 எல்லாம் இந்த இரண்டாவது வகை. எல்லாமே ஐபி67. நான் வாங்கியதும் இந்த ரகத்தில் ஒன்றுதான். எது என்று சொன்னால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும், நான் சொல்லப்போகும் காரணத்துக்கு மாடலும் முக்கியமில்லை.

கடையில் போய் நின்றால் முதலில் இந்த ஐபி எண்ணை வைத்துத்தான் குழப்புவார்கள். நான் கேட்டபோது கடைக்காரர், "அண்ணாச்சி, இது தண்ணிக்குள்ள போட்டாலும் பாடும்" என்றார். பாடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். எண்ணைப் படிப்பது லேசு. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. முதல் இடத்தில் எக்ஸ் என்று போட்டிருந்தால் தூசிக்குச் சோதித்துச் சொல்லவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். தண்ணீர் எண் 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் தாங்கும். ஒட்டுகிற ரகத்தில் பெரும்பாலும் 4 தான் இருக்கும், தொங்குகிற ரகத்தில் 7.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 7 வாங்கிய சாமான் 5-ஐயும் தாண்டியிருக்கும் என்று நினைப்போம். அப்படிக் கட்டாயமில்லை. மூழ்கடிக்கிற சோதனை வேறு, பீய்ச்சுகிற சோதனை வேறு. அதனால் ஐபி67 என்றாலும் ஷவருக்கு நேர் கீழே மாட்டாதீர்கள். எதிர்ச்சுவரில் துண்டு போடும் கம்பியில் மாட்டினால் சாரல் மட்டும்தான் படும்.

இன்னொன்று, இந்தச் சோதனையெல்லாம் புதுச் சாமானில், வெறும் தண்ணீரில் செய்வது. சோப்பு நுரை, ஷாம்பூ, வெந்நீர் ஆவி எதற்கும் அந்த எண் பொறுப்பேற்காது. சோப்புத் தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை குறைவு. வெறும் தண்ணீர் நுழையத் தயங்குகிற சின்ன இடுக்கிலும் அது நுழைந்துவிடும். நம்மூரில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்: சீயக்காய். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, சீயக்காய்க் கையோடு அடுத்த பாட்டுக்குப் பொத்தானை அமுக்கினால், அந்தப் பொடி ஸ்பீக்கர் வலைக்குள் போய்ச் சேறாக இறுகிவிடும். பல் துலக்கும் பிரஷ் வைத்து அரை மணி நேரம் சுரண்டியிருக்கிறேன். எந்த நாட்டு எந்த லேபிலும் இதற்குச் சோதனை வைத்திருக்கமாட்டார்கள்.

பாட்டின் தரம் பற்றி நீட்டி முழக்கப்போவதில்லை. டைல்ஸ் போட்ட ஐந்துக்கு ஏழு பாத்ரூமில் எந்த ஸ்பீக்கரும் தன் சைசுக்கு மீறித்தான் பாடும். நாலு பக்கமும் வழவழச் சுவர், சத்தம் எங்கும் உறிஞ்சப்படாமல் திரும்பத் திரும்ப மோதும். நாமே பாடினால் நம் குரல் நமக்குப் பிடித்துப்போவதும் அதனால்தான். ஒட்டுகிறதில் பேஸ் என்று ஒன்று கிடையாது. ஆனால் சுவர் மூலையை ஒட்டி வைத்தால் கொஞ்சம் வரும். தொங்குகிறதில் நிஜமாகவே பேஸ் உண்டு, அதை மூலையில் வைத்தால் தபேலா தகர டப்பா போலக் குமுறும், நடுவில் தொங்கவிடுவதே நல்லது. ஷவர்ச் சத்தம் கீச்சொலிப் பக்கம் கனமானது என்பதால் ச, ஸ, ஷ எல்லாம் காணாமல் போகும். குரல் முன்னால் நிற்கும் பழைய பாட்டுகள் தப்பிக்கும். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தை ஒருநாள் வைத்துப் பார்த்தேன். மனுஷன் மேல் ஸ்தாயிக்குப் போனதும் டைல்ஸ் எல்லாம் சேர்ந்து ஊத ஆரம்பித்துவிட்டது. அது கோவில் பிராகாரத்துக்கானது, ஐந்துக்கு ஏழுக்கு இல்லை. இருந்தாலும் கொடை விழாவில் பனைமரத்து உயரத்தில் கட்டிய குழாய் ரேடியோவுக்கு அடியில் படுத்துத் தூங்கி வளர்ந்த காதுகள் நமக்கு. இந்த விஷயத்தில் ரொம்பவும் நாசூக்குப் பார்ப்பது நியாயமில்லை.

சத்தம் எவ்வளவு வேண்டும்? பாதி போதும். காதுக்குப் பக்கத்தில் வருவதுதான் விஷயம். தூரத்தைப் பாதியாக்கினால் திறந்தவெளியில் ஆறு டெசிபல் கூடும். அறைக்குள் அவ்வளவு கிடைக்காது என்றாலும் நன்றாகவே தெரியும். எங்கள் பாத்ரூம் வென்டிலேட்டர் பக்கத்து வீட்டு மதினியின் அடுப்படியைப் பார்த்து இருக்கிறது. முழு வால்யூம் வைத்த மறுநாள், "தம்பி, நேத்து வச்சீயள்லா அந்த நாலாவது பாட்டு, அத இன்னிக்கும் போடுங்க" என்று கேட்டுவிட்டார். அதற்கப்புறம் பாதிதான்.

பேட்டரி பற்றியும் கடையில் பெரிதாகப் பேசுவார்கள். கோ 3-க்கு ஐந்து மணி நேரம், எக்ஸ்பி100-க்கு பதினாறு மணி நேரம் என்று கம்பெனிக் கணக்கு. ஒரு குளியலுக்குக் கால் மணி நேரம் என்று வைத்தால் ஐந்து மணி நேரமே இருபது குளியலுக்கு வரும். இதை வைத்து முடிவெடுக்கவேண்டியதில்லை. சுற்றுலாவுக்கு எடுத்துப்போகிறவர்கள் யோசிக்கலாம். குற்றாலத்துக்கு மட்டும் எடுத்துப்போகாதீர்கள். ஐந்தருவியில் என் காதுக்குப் பக்கத்தில் பிடித்தும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பக்கத்தில் நின்றவர்கள் அடித்திருப்பார்கள்.

சரி, இப்போது அந்த ஆறேழு கிலோமீட்டருக்கு வருவோம்.

அக்கா வீட்டில் மாடித் தொட்டிக்கு ஏறுவது தாமிரபரணித் தண்ணீர். என் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர், ஒருநாள் விட்டு ஒருநாள் பிடித்து டிரம்மில் வைப்போம். குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் போர்த் தண்ணீர். சோப்பு நுரைக்காது, முடி நார் மாதிரி ஆகும், எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் துளித்துளியாக வெள்ளைப் புள்ளி. ஆர்.ஓ. மெஷின் சர்வீசுக்கு வந்த தம்பி ஒருநாள் போர்த் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கிற மீட்டரை முக்கிக் காட்டினான், ஆயிரத்தைத் தாண்டிப் போய்விட்டது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கத்தக்கது என்று வைத்திருப்பது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை விடுவார்கள். நாங்கள் நடுவில்.

இந்தத் தண்ணீர் ஸ்பீக்கரை என்ன செய்தது என்பதை மாதம் மாதமாகப் பார்த்தேன். ஒவ்வொரு துளியும் காயும்போது தன்னிடமிருந்த சுண்ணாம்பையும் உப்பையும் அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. முதல் மாதம் ரப்பர் கப்பின் விளிம்பைச் சுற்றி டைல்ஸில் ஒரு வெள்ளை வளையம். துடைத்தால் போய்விட்டது. இரண்டாம் மாதம் துடைத்தாலும் போகவில்லை, விரலால் தடவினால் பொடிமணல் போல நறநறத்தது. ரப்பர் கப் சுவரைக் கவ்வுவதற்கு உள்ளே காற்றில்லாமல் இருக்கவேண்டும். அந்த நறநறப்பின் இடுக்கு வழியாகக் காற்று மெல்ல நுழைந்தால் பிடி விட்டுவிடும். மூன்றாம் மாதத்திலிருந்து ஸ்பீக்கர் கீழே விழ ஆரம்பித்தது. எப்போது விழும் என்று தெரியாது. பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிக்கு, தடால் என்று. அம்மா எழுந்து, "எய்யா, பாத்ரூம்ல பூனை ஏதும் விழுந்துட்டா பாரு" என்பார்.

டைல்ஸை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன், வினிகர் ஊற்றிப் பார்த்தேன். சுண்ணாம்புப் படிவு புளிப்புக்குக் கரையும், அதனால் வளையம் போனது. ஆனால் கப்பின் ரப்பரிலேயே படிந்து அது விறைத்துப்போனதை ஒன்றும் செய்ய முடியவில்லை. வெந்நீரில் ஊறவைத்தால் ஒரு வாரம் ஒட்டும். அப்புறம் பழைய கதைதான்.

விழுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாகடித்தது சார்ஜ் ஓட்டை. ஒட்டுகிற ரகத்தில் அதன் ரப்பர் மூடி வேர்க்கடலைத் தொலி கனம்தான் இருக்கும். நாலைந்து தடவை திறந்து மூடியதும் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த இடுக்கில் இறங்கிய உப்புத் தண்ணீரோடு சார்ஜைப் போட்டால், மின்சாரம் பாயும்போது உள்ளே இருக்கும் உலோக முனைகள் அரித்துப் பச்சையாகப் பூத்துவிடும். ஏழாவது மாதம் நான் பார்த்தது அந்தப் பச்சையைத்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன், பழைய செப்புக் காசு ஒன்று உள்ளே கிடப்பது போல இருந்தது.

அதே நேரம் அக்கா வீட்டில் போய்ப் பார்த்தால் கப்பைச் சுற்றி வளையமே இல்லை. சோப்புக் கறை கொஞ்சம் இருந்தது, கை வைத்தால் வழுக்கியது. இழுத்துப் பார்த்தேன், 'பொளக்' என்று சத்தம் போட்டுத்தான் வந்தது. சார்ஜ் முனை பளபளவென்று இருந்தது. அவள் அதைத் துடைப்பது கிடையாது, கழுவுவது கிடையாது. ஸ்பீக்கரைப் பொறுத்தவரை அவள் ஒரு புண்ணியமும் செய்யவில்லை, எல்லாம் ஆற்றின் புண்ணியம்.

தொங்குகிற ரகம் இதே போர்த் தண்ணீரில் எப்படித் தப்பிக்கிறது? அதற்கும் உப்பு பூக்கத்தான் செய்கிறது. ஆனால் பூக்கிற இடத்தில் அதற்கு நஷ்டமில்லை. முதலாவது, சுவரைக் கவ்வவேண்டியதில்லை, கொக்கியில் கிடக்கிறது. கொக்கிக்கு உப்பு பூத்தால் என்ன, பூக்காவிட்டால் என்ன. இரண்டாவது, கழற்றிக் கையில் எடுப்பது ஒரு நொடி வேலை. ஒட்டுகிறதைத் திரும்ப ஒட்டவேண்டுமே என்ற பயத்தில் சுவரை விட்டு எடுக்கவேமாட்டோம், அது ராத்திரி பகல் அந்த ஈரத்திலேயே கிடக்கும். தொங்குகிறதைக் குளித்து முடித்ததும் துண்டோடு சேர்த்து வெளியே கொண்டுவந்துவிடலாம். என் கணக்கில் இந்த ஒரு பழக்கத்தால்தான் அது பிழைக்கிறது. மூன்றாவது, சார்ஜ் ஓட்டை மூடி. சில மாடல்களில் கனமான ரப்பர் மூடி வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் மூடியே கிடையாது, உள்ளேயே அடைத்துவிடுகிறார்கள். எதுவானாலும் ஈரத்தோடு சார்ஜ் போடக்கூடாது என்று கம்பெனிக் குறிப்பிலேயே இருக்கும். நான் ஊதிவிட்டு, ஒரு மணி நேரம் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத்தான் போடுவேன். சார்ஜ் எப்போதும் ஹாலில்தான். ஹீட்டர் பிளக்கில் மாட்டிப் பாத்ரூமுக்குள்ளேயே சார்ஜ் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு ஸ்பீக்கரை விட உயிர் மலிவு.

பராமரிப்பு என்று நான் செய்வது வாரத்துக்கு ஒருதரம், ஐந்து நிமிடம். மூடி சரியாக அமுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு செம்பு ஆற்றுத் தண்ணீரை, அதாவது டிரம்மில் இருக்கும் நல்ல தண்ணீரை, மேலே மெதுவாக ஊற்றுவேன். பழைய பிரஷால் வலையை லேசாகத் தேய்ப்பேன். பக்கவாட்டில் அதிர்கிற சவ்வு இருக்கும், அதை அமுக்கவோ குத்தவோ கூடாது. அப்புறம் வலைப்பக்கம் கீழே வரும்படி துணியில் கவிழ்த்து வைத்தால் உள்ளே நின்ற தண்ணீர் வடியும். வடியும்வரை சளி பிடித்த குரலில் பாடும், பயப்படவேண்டாம். எலுமிச்சையோ வினிகரோ ஸ்பீக்கர் மேல் படவிடுவதில்லை. முதல் தடவை நான் இதைச் செய்வதைப் பார்த்த அம்மா, "குடிக்கதுக்குத் தண்ணி வரலன்னு நாலு தெரு அலையுதோம், இவன் பாட்டுப்பெட்டிய நல்ல தண்ணியில குளிப்பாட்டுதான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். நியாயம்தான். செம்பைச் சின்னதாக மாற்றிக்கொண்டேன்.

கடைக்காரர் சொன்ன 'தண்ணிக்குள்ள போட்டாலும் பாடும்' கதையைப் பாதியில் விட்டேன். ஒருநாள் கொக்கி வழுக்கி, நிறைந்த வாளிக்குள் ஸ்பீக்கர் விழுந்தது. விழுந்த அடுத்த கணம் பாட்டு திக்கி நின்றுவிட்டது. கெட்டுப்போனதால் நிற்கவில்லை. புளூடூத் அலை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது, அந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். போனுக்கும் ஸ்பீக்கருக்கும் பேச்சு அறுந்துபோகும். சோப்புக் கண்ணோடு துழாவி வெளியே எடுத்ததும் இரண்டு தடவை இருமிவிட்டுச் சரணத்தில் விட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பாட ஆரம்பித்தது. மூவாயிரம் ரூபாயில் ஆயிரம் ரூபாய் அன்றைக்கே வசூலாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒட்டுகிறது விழுந்திருந்தால் நேராகக் குப்பைக்கூடைதான்.

ஒட்டுகிறதுக்கு ஆதரவாகவும் சொல்ல இருக்கிறது. அதைத் திறக்கலாம். பின்னால் நாலு திருகாணி, உள்ளே ஒரு சின்ன பேட்டரி, இரண்டு ஒயர். ஜங்ஷன் பக்கம் போன் ரிப்பேர் பார்க்கும் தம்பி என்னுடையதைத் திறந்து, சார்ஜ் முனையை மாற்றித் தரலாம், நூற்றைம்பது ரூபாய் ஆகும், ஆனால் மறுபடியும் இதேதான் நடக்கும் என்றான். பேட்டரி மட்டும் போயிருந்தால் மாற்றியிருப்பேன். அதே தம்பியிடம் தொங்குகிறதைக் காட்டிப் பேட்டரி போனால் என்ன செய்வது என்று கேட்டேன். "அண்ணே, இதத் தொறக்கலாம். தொறந்தா அப்புறம் தண்ணி தாங்குங்கதுக்கு நான் பொறுப்பில்ல" என்றான். பசை போட்டு அடைத்த சாமான், ஒருதரம் பிரித்தால் பழைய இறுக்கம் வராது. ஆக, தொங்குகிறதன் ஆயுள் என்பது அதன் பேட்டரியின் ஆயுள். என்னுடையதற்கு இப்போதுதான் ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் இருந்ததை விடச் சார்ஜ் கொஞ்சம் சீக்கிரம் இறங்குவது போல ஒரு சந்தேகம் இருக்கிறது, கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை. நாலாம் வருடத்தில் எப்படி என்று கேட்டால் நான் சொல்வது குறிதான். பழசை விற்கலாம் என்றும் நினைக்காதீர்கள். பாத்ரூமில் இருந்தது என்று சொன்னால் யாரும் கையால் தொடமாட்டார்கள்.

ஒட்டுகிறது ஜெயிக்கிற இன்னொரு இடமும் உண்டு: கிராமத்து வீடு. அம்மா பிறந்த வீடு கல்லிடைக்குறிச்சியில். முன்வாசல் தெருவில், பாத்ரூம் கொல்லையில், நடுவில் ரெண்டு கட்டு வீடு. சார்ஜில் போட்ட போன் முன்கட்டில் கிடக்க, நான் ஸ்பீக்கரோடு கொல்லைக்குப் போனால் ரெண்டாம் கட்டு தாண்டும்போதே பாட்டு துண்டுதுண்டாகிவிடும். புளூடூத்துக்குச் சாதாரணமாகப் பத்து மீட்டர் என்பார்கள், ஒன்றரை அடிச் சுவர்கள் இருந்தால் அதுவும் தேறாது. ஒட்டுகிற மலிவு ரகத்தில் சிலவற்றில் மெமரி கார்டு போடும் இடமும் எஃப்எம்மும் இருக்கின்றன. போனே தேவையில்லை. நான் வாங்கிய விலையுயர்ந்ததில் அந்த வசதி இல்லை. அங்கே போனால் வாய்க்காலில்தான் குளிப்பேன் என்பதால் எனக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை. அங்கேயே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

வாங்கியதும் ஒரு வேலை மறக்காமல் செய்யுங்கள். போனின் புளூடூத் செட்டிங்கில் போய், அந்த ஸ்பீக்கருக்கு 'அழைப்புகள்' என்பதை அணைத்துவிடுங்கள். நான் செய்யவில்லை. ஒருநாள் நடுப்பாட்டில் மணி அடித்தது, அடுத்த பாட்டுக்கு என்று நினைத்து ஈரக்கையால் அமுக்கியது அழைப்பை எடுத்துவிட்டது. ஆபீசிலிருந்து மேலதிகாரி. டைல்ஸ் அறையில் அவர் குரல் அசரீரி மாதிரி நாலு பக்கமும் முழங்கியது. "என்ன சார், வெளியூரா? மழையா அங்க?" என்றார். ஆமாம் சார், நல்ல மழை என்றேன். சித்திரை மாதம், பாளையங்கோட்டையில்.

விலைக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒட்டுகிறது ஒன்று நானூற்றைம்பது ரூபாய், எனக்கு ஏழு மாதம் வந்தது. அதே வேகத்தில் வாங்கிக்கொண்டே போனால் மூவாயிரம் ரூபாய்க்கு நாலு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். தொங்குகிறது நாலு வருடம் வந்தால் விலை கிட்டத்தட்டச் சமம்தான். அப்படியானால் காசுக்காக இதைத் தேர்ந்தெடுத்தேன் என்று நான் சொல்ல முடியாது. ராத்திரி இரண்டு மணி தடால் சத்தமும், ஏழு மாதத்துக்கு ஒரு பேட்டரிச் சாமானைக் குப்பையில் போடுவதும் எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். ஆற்றுத் தண்ணீர் ஏறுகிற வீடாக இருந்தால் நானும் நானூற்றைம்பதோடு நின்றிருப்பேன்.

இதையெல்லாம் அக்காவிடம் போனிலேயே சொன்னேன். "அப்ப, தண்ணிக்குத்தான் மூவாயிரம்னு சொல்லு" என்றாள். அவளும் அத்தானும் இப்போது ஊருக்கு வெளியே, பைபாஸ் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். போர் போட்ட அன்று நானும் போயிருந்தேன். தண்ணீர் நன்றாகத்தான் பீய்ச்சியது. அத்தான் சந்தோஷத்தில் ஒரு கை அள்ளி வாயில் ஊற்றினார், ஊற்றிய வேகத்தில் துப்பினார். தை மாதம் பால்காய்ப்பு. மிக்சி, குக்கர், சுவர்க் கடிகாரம் எல்லாம் சொந்தக்காரர்கள் பங்கு போட்டாகிவிட்டது. எனக்கு என்ன வாங்குவது என்று யோசிக்கிற வேலை மிச்சம்.